பீடத்துணி காயும் கயிறு

கொக்கிளாயில் எவ்வளவு மழை பெய்தாலும், அந்தோனியார் கோவிலின் பின்பக்கம் ஆன்சலா துணி காயப்போடும் கயிற்றின்மேல் மட்டும் ஒரு துளிகூட விழுவதில்லை. மார்கழியில் கடலோரக் களப்பு நிரம்பித் தெரு ஒழுங்கையெல்லாம் முழங்கால் தண்ணீர் நிற்கும்போதும் பீடத்துணிகளும் சுவாமியாரின் வெள்ளை அங்கியும் அங்கே மொறுமொறுவென்று காய்ந்துகொண்டிருக்கும். போருக்குப் பின் ஊர் மீளக் குடியேறிய வருடத்திலிருந்து சனிக்கிழமைதோறும் அவற்றைத் தோய்த்து, கஞ்சி போட்டு, மடித்து வைப்பவள் ஆன்சலாதான். யாரும் கேட்டு அவள் செய்யவில்லை. இதற்குள் நான்கு சுவாமிமார் மாறிவிட்டார்கள்; நால்வருமே துணிகள் தாமாக வெளுப்பவை என்று எண்ணியிருந்ததாகத் தெரிகிறது.

மழை விழாததற்குக் காரணம் கண்டுபிடிப்பதில் ஊர் சளைக்கவில்லை. கயிறு பீடத்தில் நிற்கும் அந்தோனியாரின் சுருவத்துக்கு நேர் பின்னால் இருக்கிறது என்றார் கோவில் மூப்பர் துசியந்தன். மடு மாதாவிடம் போய்வந்த கயிறு என்றார்கள் வேறு சிலர். கடைசியில் அந்தப் புதுமை, அந்த அற்புதம், கயிற்றில்தான் என்று முடிவாயிற்று. புதுமை என்று பேர் எடுத்த எந்தப் பொருளும் இந்தக் கரையில் முழுதாகத் தப்பியதில்லை. போட்காரர்கள் வரிசையில் வந்து சாண் சாணாக வெட்டிக் கொண்டுபோய்த் தங்கள் போட்டின் முன்முனையான அணியத்தில் கட்டிக்கொண்டார்கள். "கொஞ்சம் விட்டு வெட்டுங்கோ, பூசைக்குத் துணி காய வேணும்" என்று ஆன்சலா சொன்னதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கடைசிச் சாணை வெட்டியவன் அவள் புருஷன் மரியநேசன். நல்ல மனுஷன்தான்; பெண்சாதி தோய்ப்பதைப் பார்த்துப் பார்த்தே அது அவன் கண்ணில் படாமல் போயிருந்தது.

கிறிஸ்து பிறப்பான நத்தாருக்கு முதல்நாள் கடலுக்குப் போகவேண்டாம் என்று வானொலி சொல்லியும் மரியநேசன் போட்டை இறக்கினான். "கயிறு கிடக்குதெல்லே, பயப்பிடாதை" என்றான். மத்தியானம் கடல் எழும்பியது. கரைக்கும் போட்டுக்கும் நடுவே மழை சுவராக நின்றது. பெண்கள் கோவிலுக்குள் செபமாலை சொன்னார்கள். ஆன்சலா கடலைப் பார்த்தபடி நின்றாள். ஆனால் நத்தார்ப் பூசைக்குரிய பீடத்துணி வாளியில் ஈரமாகக் கிடந்தது.

"இந்த நேரத்திலும் தோய்க்கப் போறியே?" என்றாள் பக்கத்து வீட்டு இராசாத்தி.

"அழுதுகொண்டும் தோய்க்கலாம்தானே அக்கா."

கோவிலின் பின்பக்கம் கயிறும் இல்லாமல் வளவும் தண்ணீரில் கிடந்தபடியால், பழைய வலைக்கயிறு ஒன்றைக் கடற்கரையில் இரண்டு பனைகளுக்கு நடுவே கட்டித் துணியை விரித்தாள். மழை விலகியது. விரித்த துணியின் அகலத்துக்குக் கடலுக்குள் ஓர் ஒழுங்கை நீண்டது. அதில் வெயிலும் அடித்தது, அலையும் படுத்தது. எஞ்சின் நின்றுபோன போட்டில் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்த மரியநேசன், தூரத்தில் வெள்ளையாகத் தெரிந்ததைப் பார்த்துத் துடுப்பு வலித்தான். அணியத்துக் கயிறு நனைந்து தொங்கியது. கிட்ட வந்த பிறகுதான் அது என்ன துணி, யார் தோய்த்தது என்று அவனுக்கு விளங்கியது.

அடுத்த சனிக்கிழமை நன்றிப்பூசை வைத்தார்கள். சுவாமியார் அந்தோனியாருக்கும், கயிற்றுக்கும், மரியநேசனின் விசுவாசத்துக்கும் நன்றி சொன்னார். துசியந்தன் மரியநேசனுக்குப் பொன்னாடை போர்த்தினார். மரியநேசன் ஆட்கள் இருந்த வாங்குகளைத் திரும்பிப் பார்த்தான், ஆன்சலா இல்லை. பாட்டு நடக்கும்போதே பொன்னாடையோடு எழும்பி வெளியே போனான். கோவிலின் பின்பக்கம், நீளத் துணியின் ஒரு நுனியைக் கம்பத்தில் சுற்றிவிட்டு மறுநுனியை அவள் தனியே முறுக்கிக்கொண்டிருந்தாள்.

"எத்தினை வருசமாத் தனியப் பிழியிறாய்?"

"பூசை முடியேல்லை. உள்ள போங்கோ."

அவன் போகவில்லை. கம்பத்திலிருந்த நுனியை அவிழ்த்துப் பிடித்து முறுக்கினான். பழக்கமில்லாத கை, தண்ணீர் முழுக்கப் பொன்னாடையில் ஊற்றியது. ஆன்சலா சிரித்துவிட்டாள்.

அதன்பிறகு சனிக்கிழமைகளில் மரியநேசன் கடலுக்குப் போவதில்லை. கோவிலின் பின்பக்கம் புதிதாகக் கட்டிய கயிற்றடியில் மழை விழாத இடம் இப்போது இரண்டு பேர் நிற்கும் அளவுக்கு அகன்றிருக்கிறது. புதுக் கயிறு முந்தினதைவிட நல்ல கயிறு என்று ஊரார் சொல்கிறார்கள்.