ஒத்துக்கொள்ளாத மரம்

அந்தக் கோடை முகாமில் நாங்கள் நான்கு பேர் மரம் கடைந்துகொண்டிருந்தோம். காலையில் கடைசல், மதியம் உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பது, பொழுது சாய்ந்தால் பட்டறையில் ஆளுக்கொரு மூலையைப் பெருக்குவது. எங்களில் என் அறையில் தங்கியிருந்தவளை எல்லோரும் அக்கா என்றே கூப்பிட்டோம். பள்ளிக்கூட வேலையை உதறிவிட்டு இந்தத் தொழிலுக்கு வந்தவள்.

ஒருநாள் அக்காவின் கண்கள் வீங்கிக்கொண்டன. "கண்ணாடி பக்கம் போயிடாதீங்கக்கா, பயந்துடுவீங்க" என்று கேலி செய்தேன். அன்று மாலையே அவளுக்கு மூச்சு இழுத்தது. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன்.

"மரத்தூள் உங்க உடம்புக்கு ஒத்துக்கல. இனிமே பட்டறைப் பக்கமே போகாதீங்க" என்றார் டாக்டர்.

"எவ்வளவு நாளைக்கு?"

"இனிமேன்னா இனிமேதான்மா."

மறுநாள் காலை அக்கா முகத்தில் துணியைக் கட்டிக்கொண்டு பட்டறைக்கு வந்தாள். அவள் நுழையுமுன் நான் ஓடிப்போய்க் கதவை உள்ளே தாழ் போட்டேன்.

"கிண்ணம் பாதியில நிக்குதுடி. அத முடிச்சிட்டுப் போயிடறேன், தொற."

"முடியாதுக்கா."

"நீ யாருடி எனக்கு?"

தட்டினாள், திட்டினாள், கடைசியில் கெஞ்சினாள். கெஞ்சும்போதே அவளுக்கு இரைத்தது. உள்ளே யாரும் இயந்திரத்தைப் போடவில்லை. நான் தாழ்ப்பாளைப் பிடித்தபடி அழுதுகொண்டிருந்தேன்.

மதியம் அவளுடைய அண்ணன் வண்டியோடு வந்தார். அக்கா துணிப்பெட்டியை மட்டும் எடுத்துக்கொண்டாள்.

"உளியெல்லாம் எடுத்து வைக்கட்டுமாக்கா?"

"எதுக்கு, காய்கறி நறுக்கவா?"

சிரிக்கிறாளா என்று பார்த்தேன். இல்லை. வண்டி போனதும் நாங்கள் மூவரும் பட்டறைக்குத் திரும்பி இயந்திரத்தைப் போட்டோம்.