கம்பெனி வயசு

மாரிசெல்விக்கு முதுகுத்தண்டு நெருப்பாய் எரிந்தது. மூன்று நாளாக லேப்டாப் முன்னால் ஒரே இருப்பு. இப்போது ஆமத்தூரில், பட்டாசுக் கம்பெனி வேன் வரும் இடத்தில், கால் தரிக்காமல் அலைந்துகொண்டிருந்தாள்.

தன் ஆராய்ச்சிக்காக, வெடிமருந்து அடைக்கும் நாற்பது பெண்களின் மூளையை மதுரையில் ஸ்கேன் எடுத்திருந்தாள். வயது, படிப்பு, மண்டை அளவு இவற்றால் வரும் வித்தியாசத்தையெல்லாம் கழித்துவிட்டால், மருந்தோடு கிடந்த வருசங்களின் தேய்மானம் தனியே தெரிய வேண்டும். தெரியவில்லை. "மருந்து ஒண்ணும் செய்யலன்னு எழுதிரவேண்டியதுதான்" என்றுவிட்டார் பேராசிரியர் புகழேந்தி. காலையில் ஊருக்குப் பஸ்ஸில் வரும்போதுதான் அவளுக்கு உறைத்தது: தன் அம்மாவுக்கே ஆதாரில் வயது கூட; இந்தப் பெண்களின் கார்டு வயதும் அப்படித்தான் இருக்குமோ என்று வழியில் ஆமத்தூரிலேயே இறங்கிவிட்டாள்.

அந்த நாற்பது பேரில் ஒருத்தியான கருப்பம்மாள் தூக்குவாளியோடு வந்தாள்.

"சித்தி, உங்க நெச வயசு என்ன?"

"எது வேணும்? கம்பெனி வயசா, எங்காத்தா பெத்த வயசா?"

"பொண்ணு பாக்க வந்தவுக மாதிரில்லா கேக்கா" என்றாள் பக்கத்தில் நின்றவள். எல்லாரும் சிரித்தார்கள்.

"பெத்த வயசு."

கருப்பம்மாள் குரலைத் தாழ்த்தினாள். "கார்டுல நாப்பத்தேழு. பதிமூணுல வேலைக்குப் போனேன். செக்கிங் வந்தா மாட்டிக்கிடுவோம்னு கம்பெனில பதினெட்டுன்னு எழுதிட்டாக. அதுவே எல்லாக் கார்டுலயும் ஏறிருச்சு. வெளிய தெரிஞ்சா பென்சனுக்கு இன்னும் அஞ்சு வருசம் கூட மருந்து அள்ளணும். ஒம் பேப்பருல எம் பேரு வருமாடி?"

"வராது சித்தி. நம்பர் மட்டுந்தான்."

"அப்ப நாப்பத்திரெண்டு போட்டுக்க. ஆனா எனக்கு ஒண்ணு சொல்லணும். எண்ணெ வாங்கக் கடைக்குப் போயி, என்னத்துக்கு வந்தோம்னு நிக்கேன். எந் தலைக்குள்ள தேஞ்சிருக்கா இல்லயா?"

"சொல்றேன்" என்றாள் மாரிசெல்வி, யோசிக்காமல்.

வேன் வருவதற்குள் பாதிப் பேர் வயதைச் சொன்னார்கள். மிச்சப் பேரைச் சாயங்காலம் பிடித்தாள். சின்னப் பிள்ளையிலேயே வேலைக்குப் போனவளுக்கெல்லாம் கார்டில் மூன்று, நாலு, ஐந்து கூட.

வயதைத் திருத்திப் போட்டு, கணக்கை மறுபடி ஓட்டினாள். அதுவரை முதுமையின் பேரில் போய்க்கொண்டிருந்த தேய்மானம், வேலை பார்த்த வருசங்களின் பேரில் வந்து விழுந்தது.

"கட்டுரைய அனுப்பிருவோம்" என்றார் புகழேந்தி.

"சார், கருப்பம்மா சித்திக்கு என்ன சொல்ல?"

"ஒண்ணும் சொல்ல முடியாதும்மா. நாப்பது பேரச் சேத்துப் பாத்தாத்தான் இது பேசும். ஒருத்தி தலையப் பத்தி இதுக்குத் தெரியாது."

கட்டுரை போய்ச் சேர்ந்தது. ஊருக்குப் போனால் ஆமத்தூர் வழி போகும் பஸ்ஸை விட்டுவிட்டு, வேறு வழியில் போகும் அடுத்ததில் ஏறுகிறாள் மாரிசெல்வி. கருப்பம்மாளுக்குச் சொல்வதாக ஒத்துக்கொண்ட பதில் இன்னும் பாக்கி.