கழுவி வந்த கால்கள்

நான் டாக்டர் இல்லை. காந்திபுரத்தில் ரேடியோ, டேப்ரெக்கார்டர் ரிப்பேர் பார்த்துக்கொண்டிருந்தவன். நரம்பு டாக்டர் நிலோஃபரின் மெஷின் பழுதானபோது, ஆள் வர ஒரு மாதம் ஆகும் என்று கம்பெனிக்காரன் கையை விரித்துவிட்டான். என்னைக் கூட்டிப் போனார்கள். அரை நாளில் ஓட வைத்தேன். "நீங்க இங்கயே இருந்துருங்க அழகிரிசாமி" என்றார் அந்த அம்மா. இருந்துவிட்டேன். அது 1992.

நரம்பு டாக்டர் என்றாலே எல்லோரும் மூளையைத்தான் நினைப்பார்கள். இந்த அம்மாவுக்கு மூளைமேல் பெரிய மரியாதை கிடையாது. முதுகெலும்பை விட்டு வெளியே வந்து கை விரல், கால் விரல் வரை ஓடுகிற நரம்புகள்தான் அவருக்கு உயிர். "மூளையைப் பார்க்க ஊருப்பட்ட பேர் இருக்காங்க. மரத்துப்போன காலை யாருங்க பார்க்கறாங்க?" என்பார்.

கருமத்தம்பட்டிப் பக்கம் விசைத்தறியில் நிற்கிறவர்கள் கால் மரக்கிறது, எரிகிறது என்று ஒருவர் பின் ஒருவராக வந்தார்கள். காரணத்தைக் கண்டுபிடித்தே தீருவது என்று இறங்கினார். காலில் லேசாக மின்சாரம் கொடுத்து, நரம்பில் அது என்ன வேகத்தில் ஓடுகிறது என்று மெஷினில் அளப்போம். நூற்று நாற்பது தறிக்காரர்கள். ஒப்பிட்டுப் பார்க்க நோயில்லாத நூறு பேர், எல்லோரும் பக்கத்து பேங்க், இன்சூரன்ஸ் ஆபீஸ் ஆட்கள். நாலு வருடம், ஞாயிற்றுக்கிழமைகூட விடவில்லை. "எங்க ஊட்டம்மாவைப் பார்க்கோணும்னா நானும் கால் மரக்குதுன்னு டோக்கன் வாங்கோணுமாட்ட இருக்குது" என்பார் அவர் கணவர் ஷேக் பரீத்.

என்னை அசத்தியது ஒன்றுதான். நோயாளி பெஞ்சில் உட்கார்ந்ததும் இந்த அம்மா கீழே ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்து, அவர் காலைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டுதான் பார்ப்பார். நாடியைப் பிடிக்கவே முகம் சுளிக்கிற டாக்டர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்கள் எல்லோரையும் இங்கே வரிசையில் நிற்கவைத்துப் பார்க்கச் சொல்ல வேண்டும் என்று தோன்றும்.

கணக்கு தெளிவாக வந்தது. தறிக்காரர்களின் நரம்பு, ஆபீஸ்காரர்களின் நரம்பைவிட மெதுவாக வேலை செய்தது. டெல்லி மாநாட்டில் கட்டுரை வாசிக்கக் கூப்பிட்டார்கள். வேகம் ரொம்பக் குறைந்த முப்பத்தெட்டுப் பேரை, இனி தறியில் நிற்க வேண்டாம் என்று அவ்வப்போது சொல்லி அனுப்பியிருந்தார். அதில் ஒருத்தி சின்னத்தாயி. ஒற்றை ஆளாக ஆறு தறி ஓட்டியவள். "அப்ப நான் என்னதானுங்க செய்யறது?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் போனாள்.

மாநாட்டுக்கு மூன்று வாரம் இருக்கும்போது, ஒரு டிசம்பர் காலையில், வெங்கடபதி என்ற தறிக்காரர் மறு டெஸ்டுக்கு வந்தார். வந்ததும் கரண்ட் போய்விட்டது. இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். கரண்ட் வந்ததும் டெஸ்ட் எடுத்தோம். போன வருடம் நொடிக்கு முப்பத்தொன்பது மீட்டர் இருந்த வேகம், இப்போது நாற்பத்தெட்டு, ஆபீஸ்காரர்களுக்கு வருகிற அளவு.

மெஷின்தான் கெட்டுவிட்டது என்று நான் ஸ்க்ரூடிரைவரை எடுத்தேன். அந்த அம்மா மெஷினைப் பார்க்கவில்லை. மடியிலிருந்த காலைப் பார்த்தார்.

"கால் சூடா இருக்குதுங்களே?"

"காலையில வந்தொடனே கழுவிப்போட்டனுங்க. கரண்ட் இல்லாம உக்காந்ததுல காஞ்சுபோச்சு. மறுக்கா கழுவிட்டு வாரனுங்க" என்று வெங்கடபதி எழுந்தார்.

"எதுக்குங்க கழுவோணும்?"

"ஏனுங்க டாக்டரம்மா, நீங்க மடியில தூக்கி வெக்கறீங்க. எண்ணெயும் பஞ்சும் அப்புன காலை எப்பிடிங்க நீட்டறது? எங்காளுக எல்லாருமே வாசல் குழாயில தேச்சுக் கழுவிட்டுத்தானுங்க உள்ள வாரோம். நல்லாத் தேச்சுக் கழுவோணும்னு ஒருத்தருக்கொருத்தர் சொல்லி உட்டிருக்கறமுங்க."

ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்தேன். குழாயில் ஐஸ் மாதிரி தண்ணீர். உள்ளே மெஷினுக்காக ஓடுகிற ஏசி. குளிர்ந்த காலில் நரம்பு மெதுவாகத்தான் ஓடும் என்று அந்த அம்மாவே மாணவர்களுக்குச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அறையின் வெப்பத்தைத் தினமும் குறித்து வைத்தோம். காலின் வெப்பத்தைக் குறிக்கவில்லை; மடியில் வைத்த கால் சில்லென்று இருந்ததை நோயின் அறிகுறி என்றே எடுத்துக்கொண்டோம். ஆபீஸ்காரர்களோ ஷூவும் சாக்ஸும் போட்டு வெதுவெதுப்பாக வந்தவர்கள். கால் சுத்தமாக இருந்தால் மெஷினின் தகடு தோலில் நன்றாக ஒட்டுகிறதே என்று குழாயடியில் சோப்பு வாங்கி வைத்த புத்திசாலி நான்.

அந்த அம்மா பெஞ்சில் ஏறி உட்கார்ந்து காலை நீட்டினார். "எடுங்க." ஐம்பது வந்தது. வெளியே போய் குழாயடியில் பத்து நிமிடம் நின்றுவிட்டு ஈரக் காலோடு வந்தார். "இப்ப எடுங்க." நாற்பத்தொன்று. எங்கள் கட்டுரைப்படி டாக்டர் நிலோஃபருக்கும் நரம்பு நோய்.

"கொஞ்சப் பேருக்கு நெசமாவே இருக்குமுங்க. மாநாடு முடியட்டும், பொறவு மெதுவா சரி பண்ணிக்கலாமுங்க" என்றேன். சொன்னதற்கு இன்றும் வெட்கப்படுகிறேன்.

"முப்பத்தெட்டுப் பேர் வேலையை விட்டுட்டு உக்காந்திருக்காங்க அழகிரிசாமி."

அன்றைக்கே டெல்லிக்குக் கடிதம் போனது. கட்டுரையைத் திரும்பப் பெறுகிறேன், அளந்ததில் தவறு, தவறு என்னுடையது என்று காரணத்தோடு எழுதியிருந்தார். என் சோப்பையும் சேர்க்கச் சொன்னேன். சேர்க்கவில்லை. நாலு வருட உழைப்பை நாலு வரியில் கொடுத்துவிட்டு, மறுநாள் மெஷினை வேனில் ஏற்றச் சொன்னார்.

முதலில் சின்னத்தாயி வீடு. வாசலில் உட்கார்ந்து அடுத்த வீட்டுக்காரிக்குப் பூக் கட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். காலைப் போர்வையில் சுற்றி, சூடு ஏறிய பிறகு டெஸ்ட் எடுத்தோம். நாற்பத்தொன்பது.

"உங்க நரம்புக்கு ஒண்ணுமில்லைங்க" என்றார் அந்த அம்மா. "கால் மரக்கறதுக்கு வேற காரணம், அதையும் பார்க்கறேன். தறியை நிறுத்தச் சொன்னது என் தப்புங்க. நீங்க மறுபடி ஓட்டலாம்."

சின்னத்தாயி பூவைக் கீழே வைத்தாள். "ரெண்டு வருசமுங்க. தறிச் சத்தம் கேக்கக்கூடாதுன்னு காதைப் பொத்திக்கிட்டுப் படுத்திருக்கறன். அதெல்லாம் சும்மாதானுங்களா?"

"ஆமாங்க. மன்னிச்சுக்குங்க."

என்ன காரணம் சொல்லியிருந்தாலும் நியாயமாகத்தான் இருந்திருக்கும். ஒன்றுகூடச் சொல்லவில்லை. அவரை வேறு யாராவது அதட்டியிருந்தால் நானே சண்டைக்குப் போயிருப்பேன். அந்த அம்மா தலை குனிந்து நின்றார். அவர்மேல் எனக்கிருந்த மதிப்பு அதுவரைக்கும் பாதிதான் என்று அப்போது புரிந்தது.

சின்னத்தாயி முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். அந்த அம்மா கையிலிருந்த முப்பத்தெட்டுப் பேர் பட்டியலை எட்டிப் பார்த்தாள். "இத்தனை பேருங்களா?" என்றாள். பிறகு கதவைச் சாத்திவிட்டு, எங்களுக்கு முன்னால் போய் வேனில் ஏறி உட்கார்ந்தாள்.

"ஏறுங்க அம்மணி. அடுத்தது பாவாத்தாள் ஊடு, சந்துக்குள்ள இருக்குது, நீங்களாப் போனா சிக்காது. அவ என்னைய விட மோசமா உக்காந்திருக்கறா."