தெத்துப்பல் யாருடைய சொத்து?

ஸ்டூடியோக்காரருக்கு பிரைவசி என்றால் உயிர். மனைவி வேலை பார்க்கும் மருந்துக்கடையிலிருந்தே பிளாஸ்திரி வாங்கி வந்து, லேப்டாப் கேமராவின் கண்ணை மூடி வைத்திருந்தார். "எவனாவது நம்மள வேவு பார்ப்பான்" என்பார். அதே லேப்டாப்பில், யாரோ பூட்டுடைத்துக் கொடுத்த ஓசி மென்பொருளில் மனைவியின் சிரிப்பை மெருகேற்றி, அவளை ஒரு வார்த்தை கேட்காமல் ஊரே பார்க்க நெட்டில் போட்டதும் இந்த மகராசன்தான்.

ஒரு நாள் காலை மருந்துக்கடை ஸ்டாப்பில் பஸ்ஸிலிருந்து இறங்கிய மனைவி அப்படியே நின்றுவிட்டாள். எதிரே பல் ஆஸ்பத்திரியின் புது போர்டு. இடது பக்கம் 'சிகிச்சைக்கு முன்' என்று போட்டு, தெத்துப்பல் தெரிய அவள் சிரிக்கிறாள். வலது பக்கம் 'சிகிச்சைக்குப் பின்'. அதே முகம்தான், பல்லை மட்டும் கம்ப்யூட்டரில் தட்டி நிமிர்த்தியிருந்தார்கள். அந்த ஆஸ்பத்திரி வாசலைக்கூட அவள் மிதித்ததில்லை.

அவமானம் பிடுங்கித் தின்றது. அன்று முதல் ஒரு கையால் வாயைப் பொத்திக்கொண்டே மாத்திரை எடுத்துக் கொடுத்தாள். 'சாப்பாட்டுக்கு முன்' என்று சொல்ல வேண்டிய இடத்திலெல்லாம் கவரில் எழுதிக் காட்டினாள். அந்த போர்டு ஒழிந்தால் போதும் என்றிருந்தது.

வீட்டில் சொன்னதும் ஸ்டூடியோக்காரர் குதித்தார். "என் போட்டோவ எவன் எடுத்தான்?"

"என் மூஞ்சிங்க அது."

"அதத்தான் நானும் சொல்றேன். நான் எடுத்த மூஞ்சி!"

மறுநாளே பல் டாக்டரிடம் சண்டைக்குப் போனார். சாயங்காலம் மருந்துக்கடைக்கு வந்து, நடந்ததைக் கைகால் ஆட்டிச் சொன்னார்.

"நெட்ல சும்மா கிடந்துச்சு, எடுத்துக்கிட்டேங்கிறான்! ரோட்டுல நிக்கிற வண்டிய ஓட்டிட்டுப் போயிடுவியான்னு கேட்டேன். ஒருத்தன் உழைப்புக்கு மரியாதை வேணாமா?" ஓசி மென்பொருள்காரருக்கு இதைச் சொல்லும்போது குரல்கூட நடுங்கவில்லை.

"சரி, போர்ட எடுத்துட்டாரா?"

"எடுக்கிறதாவது! கீழ என் பேரு, ஸ்டூடியோ பேரு, போன் நம்பர், எல்லாம் பெரிய எழுத்துல போட வெச்சிட்டேன்ல!"

அவளுக்கு அழுகை வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது. பல் டாக்டர்மேல் பாதி, கட்டிக்கொண்டவர்மேல் முழுசு.

பெயர் ஏறிய மறுநாள், இருமல் மருந்து வாங்க வந்த ஒரு அம்மா அவளை உற்றுப் பார்த்தார்.

"போர்டுல இருக்கிறது நீங்கதானே? பல்லு அப்படியே இருக்கே?"

பழக்கத்தில் வாய்க்கு எழுந்த கையை அவள் இறக்கினாள்.

"நானேதான்க்கா. கீழ என் வீட்டுக்காரர் பேரே போட்டிருக்கு. பல்லு இதுதான், நல்லா பாத்துக்கோங்க."

"அடப்பாவி! அவ்வளவு காச வாங்கிட்டு ஒரு மாசம்கூட தாங்கலையா?"

அவள் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. சிரித்தாள். அன்றிலிருந்து யார் வந்தாலும் சிரிப்புதான். தலைவலிக்கு வந்தவர்கள்கூடப் பல்லைப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

அந்த வாரமே பல் டாக்டர் மூச்சிரைக்க ஓடி வந்தார். "ஏம்மா, கொஞ்சம் வாய மூடிக்கக் கூடாதா? வந்தவங்களெல்லாம் திரும்பிப் போறாங்க!"

"நாலு தெருவுக்கும் தெறந்து காட்டினது நீங்கதானே டாக்டர்?"

"அது நீங்க இல்லன்னாவது சொல்லுங்களேன்."

"எப்படிச் சொல்றது? சந்தேகம்னா போன் பண்ணிக் கேக்க நம்பரே போட்டிருக்கே."

பொழுது சாய்வதற்குள் போர்டு இறங்கிவிட்டது.

"என் பேரு ஊருக்குத் தெரியறதுக்குள்ள போச்சே" என்று ஸ்டூடியோக்காரர் புலம்பினார். அவள் லேப்டாப்பை அவர் முன் நகர்த்தி வைத்தாள். "நெட்ல இருக்கிறதையும் எடுங்க." எடுத்து முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றாள்.

எடுத்துவிட்டுப் பச்சைப் பிள்ளை மாதிரி அவர் முகத்தைத் தொங்கப்போட்டதைப் பார்த்ததும் அவளுக்குச் சிரிப்பு பீறிட்டது. அவர் கை தானாகக் கேமராவுக்குப் போனது.

"ம்ஹும். கேட்டீங்களா?"

கல்யாணமான நாளிலிருந்து அவர் கேட்டதே இல்லை. கேமராவைப் பாதியில் பிடித்தபடி விழித்தார். பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டார்: "ஒண்ணு எடுத்துக்கட்டுமா?"

"வேண்டாம்" என்றாள், தெத்துப்பல் முழுசாகத் தெரிய.