கழுவாத புழு

"ஏம்மா, இரைக்கடை வீட்டு மருமகளே சேத்துல இறங்கிப் புழு தோண்டினா, என் சரக்கு மட்டம்னுதானே நாலு பேர் பேசுவாங்க?"

கேட்டவர் தையற்காரியின் கணவனுக்கு அண்ணன். கடற்கரையில் தூண்டிலுக்குப் புழு விற்கும் இரைக்கடை வைத்திருப்பவர். கரையில் தூண்டில் போடுகிறவர்களுக்கு அவர் 'ராஜா'.

அவள் மண்வெட்டியைக் கீழே வைக்கவில்லை.

"பேசட்டும் அத்தான். உங்க புழு முள்ளுல கோக்கும்போதே நைஞ்ச நூல் மாதிரி தொங்குது. மீன் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டேங்குது."

"இறங்கினா என் வீட்டு வாசப்படி மிதிக்காதே!"

இருவருக்கும் நடுவே மத்தளமாக நின்றான் கணவன். அவள் கால்சட்டையை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு இறங்கிவிட்டாள்.

கடல் உள்வாங்கியிருந்தது. ஈரச் சேற்றில் அங்கங்கே சுருள் சுருளாக மண். அதற்குச் சற்றுத் தள்ளி ஒரு சின்னக் குழி. இரண்டுக்கும் நடுவே, அடியில் புழு. நேராகக் குத்தினால் அறுந்துவிடும். அறுந்தது ஒன்று வாளியில் விழுந்தால் மற்றவையும் கெடும். பக்கவாட்டில் வெட்டிப் புரட்டினாள். விரல் தடிமனில் கரும்புழு நெளிந்தது. இடுப்பு விட்டுப்போகும்வரை தோண்டினாள்.

வாளியைக் கடை வாசலில் வைத்துவிட்டுத் தூண்டில் எடுக்க வீட்டுக்குப் போனாள். திரும்பி வந்தால், புழுக்கள் வெளுத்துத் துவண்டு கிடந்தன.

"யார் கை வெச்சது?"

"நான்தான்," என்றார் ராஜா. "சேத்து வாளியை என் கடை வாசல்ல வெச்சா மானம் போகாதா? குழாய்த் தண்ணியில அலசி விட்டேன். நம்ம சரக்கையே தினமும் அப்படித்தான் அலசறேன். பளபளன்னு இருக்க வேணாமா?"

இரை வாங்க நின்றவர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

"கடல் புழுவை நல்ல தண்ணியில போட்டா செத்துடுமே!" என்றார் அவர்களில் ஒருவரான பஸ் டிரைவர். "அதான் விஷயமா ராஜா? குளிச்சு முழுகி வந்த புழுவைப் பார்த்து மீனெல்லாம் வெக்கப்பட்டு ஓடுது போல!"

கடையே சிரித்தது. ராஜா அவளை ஓரமாக அழைத்தார்.

"சரிம்மா, உனக்கு மட்டும் தோண்டிக்கோ. வீட்டுக்கும் வா. இவங்களுக்கு மட்டும் இடத்தைக் காட்டிடாதே."

"நான் உங்ககிட்ட அனுமதி கேட்டேனா அத்தான்?" அவள் குரலைத் தாழ்த்தவே இல்லை. "வாசப்படி உங்களது, நீங்களே வெச்சுக்கோங்க. சேத்தை யாரும் உங்க பேருக்குப் பட்டா போட்டுத் தரலை."

செத்த புழுக்களைக் கொட்டிவிட்டு வாளியைக் கடல் நீரில் அலசினாள். உள்வாங்கிய கடல் திரும்ப ஏறத் தொடங்கியிருந்தது.

"டிரைவர் அண்ணே, தோண்டத் தெரியுமா?"

"தெரியாதும்மா."

"வாங்க, காட்டறேன். தண்ணி ஏறுறதுக்குள்ள ஆளுக்கொரு கை பார்த்துடலாம்."

டிரைவர் செருப்பைக் கழற்றினார். அவர் பின்னால் இன்னும் இரண்டு பேர்.

"நானும் வரட்டுமா?" என்றான் கணவன், கரையிலிருந்து.

"உங்க அண்ணனைக் கேட்டுட்டு வாங்க!"

திரும்பிப் பார்க்காமல் மண்வெட்டியை இறக்கினாள்.