ஞானதுரையை மட்டும் வெட்டும் கத்தி

ஞானதுரை செய்யும் கத்தி முதன்முதலில் எதை வெட்டுகிறதோ, ஆயுசுக்கும் அதை மட்டும்தான் வெட்டும். அதனால் வாங்க வருகிறவர்கள் கையோடு மீனோ பூசணிக்காயோ கொண்டுவருவார்கள். வீட்டை ஒட்டிய கார் ஷெட்டில்தான் பட்டறை. கார் கிடையாது. அவர் இரும்பை அடிப்பார். மனைவி பிரிஸில்லா தோலை நனைத்து, கத்தி அளவுக்குச் செதுக்கிய மரக்கட்டையின் மேல் இழுத்துப் பிடித்து உறை தைப்பாள். வெட்டுப் பழகாத கத்தியை உறையில்லாமல் போட்டு வைத்தால் கண்டதையும் வெட்டிப் பழகிவிடும்.

பிரிஸில்லாவின் தையல் கெட்டி. "வாய் இறுக்கமா இருந்தாத்தான் அது உறை" என்பாள். அந்த இறுக்கம்தான் வினையாகப் போயிற்று. தெருக்கோடி சாறாள் மரச்சீனிக் கிழங்கோடு வந்து நின்றபோது, ஞானதுரை அவளுடைய புதுக் கத்தியை உறையிலிருந்து வெடுக்கென்று இழுத்தார். கட்டைவிரலில் கீறிவிட்டது.

பிரிஸில்லா ஓடிவந்து அவர் விரலில் துணியைச் சுற்றினாள். கிழங்கின் மேல் கத்தியை வைத்து அழுத்திப் பார்த்தார்கள். தோல்கூட உரியவில்லை. சாறாள் தன் உள்ளங்கையில் வைத்து இழுத்தாள். ஒன்றும் ஆகவில்லை.

"அதக் குடு சாறா, உருக்கிப் போடுவோம்" என்றாள் பிரிஸில்லா.

"எதுக்கு மைனி? எங்க வீட்ல சின்னப் பிள்ளைய கெடக்கு. அண்ணாச்சிய மட்டுந்தான் வெட்டும்னா நமக்கு நிம்மதிதான?"

கத்தியை உறையோடு இடுப்பில் செருகிக்கொண்டு போய்விட்டாள்.

அடுத்த வாரமே பிள்ளை பெற்றவர்கள் எல்லாரும் வாசலில் வரிசையாக நின்றார்கள். ஒருத்தர் கையிலும் மீனில்லை, பூசணியில்லை. ஞானதுரை ஆளுக்கொரு கத்தியில் தன் விரலைக் கீறிக் கொடுத்தார். அவர் முகத்திலிருந்த பூரிப்பைப் பார்த்துத்தான் பிரிஸில்லாவுக்குத் திக்கென்றது. கல்யாணத்தன்றுகூட அந்த மனுஷன் இப்படிச் சிரித்ததில்லை.

"ஆசையா கேக்காங்க. எப்படி இல்லன்னு சொல்ல?" என்றார்.

யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்ளும் என்பார்கள். யானைக்காவது தோல் தடிமன்.

கோயிலில் ஊர் கூடிச் சாப்பிடும் அசனம் வந்தது. பந்தியில் உட்கார்ந்த அத்தனை பேர் இடுப்பிலும் பிரிஸில்லா தைத்த உறை. சாறாளின் கடைசி மகள் கத்தியைச் சுழற்றிக்கொண்டு இலைகளுக்கு நடுவே ஓடினாள். வழியிலிருந்தவர்கள் மேலெல்லாம் அது பட்டது, யாருக்கும் ஒன்றுமில்லை. ஞானதுரையின் காதுமடல் மட்டும் பாதி தொங்கியது.

சாறாள் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னாள்: "பிள்ளைய வெளையாடுத எடத்துல அண்ணாச்சிதான் கொஞ்சம் ஒதுங்கி இருக்கணும்."

பந்தியே தலையாட்டியது. ஆராதனை நடத்தும் ஐயர்கூட "அது சரிதான்" என்று சொல்லிவிட்டு சாம்பார் கேட்டார். ஞானதுரை காதைப் பிடித்துக்கொண்டு எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டார். பிரிஸில்லா ஒரு வாய்கூடச் சாப்பிடாமல் இலையை மூடினாள். இத்தனை கத்தியையும் பத்திரமாக உறைக்குள் வைத்தோமே, இவரை வெளியே விட்டுவிட்டோமே என்றே நினைத்துக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் இருந்ததிலேயே பெரிய தோலை நனைத்தாள். ஞானதுரையைப் படுக்கவைத்து அளவெடுத்து, கழுத்துவரை ஓர் உறை தைத்தாள். அவர் காலை நீட்டி உள்ளே இறங்கினார். வாய் கச்சிதமாகக் கவ்வியது. மறுநாள் காலை அவரை இடுப்பில் மாட்டிக்கொண்டு சந்தைக்குப் போனாள். ஊர்க்கத்திகள் வழக்கம்போல் உரசின, எதுவும் உள்ளே ஏறவில்லை. அவளுக்கு உயிர் வந்தது.

மத்தியானம் அவருக்குப் பசித்தது. தலையைப் பிடித்து இழுத்தாள், வரவில்லை. அவள் தையல் அல்லவா. கதவு நிலையில் காலை முட்டுக்கொடுத்து வெடுக்கென்று இழுத்தாள். வெளியே வந்த அவர் தோள் அவளுடைய கட்டைவிரலை உரசியது. கத்தி பட்டதுபோல் அவள் விரல் கீறி ரத்தம் வந்தது.

ஒரு கரண்டி தயிர் கேட்டு வந்த சாறாள் பார்த்துக்கொண்டிருந்தாள். கிட்டே வந்து, தன் உள்ளங்கையை ஞானதுரையின் தோளில் அழுத்தி இழுத்தாள். ஒன்றும் ஆகவில்லை. மகளைக் கூப்பிட்டு அவள் கையையும் இழுத்துப் பார்த்தாள்.

"தங்கமான மனுஷன் மைனி. ஊர்ல ஒருத்தருக்கும் ஒரு கீறல் கெடையாது."

பிரிஸில்லா அவருக்குச் சோறு போட்டாள். பிறகு விரலைச் சப்பிக்கொண்டே மிச்சத் தோலைத் தண்ணீரில் ஊறப்போட்டாள். அது ஊறுவதற்குள், கண்ணாடி முன் நின்று தன் கழுத்திலிருந்து அளவெடுக்கத் தொடங்கினாள்.