ஆளில்லாத தீவு

லண்டன் வெம்பிளியில் இருக்கும் தன் கடையின் ஷட்டரைப் பாதி தூக்கியிருந்தபோது நிர்மலனுக்கு மனைவி துசியந்தியின் வீடியோ அழைப்பு வந்தது. குனிந்து உள்ளே போய்க் கவுண்டரில் சாய்ந்தபடி போனை எடுத்தார்.

மகள் கம்சிகா ஜப்பானில் ஆங்கிலம் படிப்பிக்கிறாள். போன மாதம் அவள் இருவரையும்தான் அங்கே வரச்சொல்லிக் கூப்பிட்டிருந்தாள். "கடையை ஆர் பாக்கிறது?" என்றார் நிர்மலன் அப்போது. வழமையாக அதோடு பேச்சு முடிந்துவிடும். இந்த முறை துசியந்தி, "அப்ப நான் போறன்" என்று சொல்லிவிட்டு அலுமாரிக்கு மேலிருந்த சூட்கேசை இறக்கினாள். பக்கத்து ஹரோவில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போவதற்கே அவர் வான் வண்டியை எடுக்கும்வரை காத்திருக்கிறவள்.

"இதைப் பாருங்கோ" என்றாள் இப்போது போனில்.

திரையில் அவள் முகம் இல்லை. பிற்பகல் வெயிலில் வெளிறிய கடலும், கரைக்குக் கிட்டவே ஒரு சின்னத் தீவும் தெரிந்தன. வெறும் பாறை. அதன் உச்சியில் காற்றுக்கு ஒருபக்கமாய்ச் சரிந்த நாலைந்து பைன் மரங்கள்.

"கம்சி எங்க?"

"அவவுக்கு வேலை. நான் தனியத்தான் ரயிலில வந்தனான்."

"பாஷையும் தெரியாமல் எப்பிடி?"

"ஒருக்கா பிழையான ரயிலில ஏறீட்டன். பிறகு இறங்கி மாறினன்." கடைக்குப் பால் வந்துவிட்டது என்று சொல்வதுபோல அதைச் சொன்னாள்.

"அந்தத் தீவில என்ன கிடக்கு?"

"ஒண்டும் இல்லை. வீடில்லை, ஒருத்தரும் இல்லை. அங்க போகவும் ஏலாதாம். இஞ்ச நிண்டு பாக்கிறதுதான்."

"இதைப் பாக்கவே அவ்வளவு தூரம் போனீர்?"

"ஓம்."

சிரிப்பாள் என்று எதிர்பார்த்தார். சிரிக்கவில்லை. காற்று போனுக்குள் இரைந்தது.

"இஞ்சாருங்கோ, ஞாயிற்றுக்கிழமை லண்டனுக்கு வாறன். ஆனா இனிக் கடைக்கு வரமாட்டன்."

இருபது வருடமாக அவள் நின்ற இடத்தில்தான் அவர் இப்போது சாய்ந்திருந்தார். வாடகை, சம்பளத்துக்கு ஆள், இந்த வயதில் என்ன புதுப் பழக்கம் என்று சொல்வதற்கு அவரிடம் நிறைய இருந்தது. ஆனால் 'வாறன்' என்ற சொல்லிலேயே அவர் மனம் நின்றுவிட்டது. அவள் வராமல் விட்டுவிடுவாளோ என்று இத்தனை நாளும் தான் பயந்துகொண்டிருந்தது அதைக் கேட்ட பிறகுதான் அவருக்கே தெரிந்தது.

"சாப்பிட்டீரோ?" என்று கேட்டார்.

"இனித்தான். வைக்கிறன், என்ன."

அவள் அழைப்பைத் துண்டிக்க மறந்துபோனாள். போனை எதிலோ சாத்தி வைத்திருக்க வேண்டும். படம் சரிந்து, தீவு ஒரு மூலைக்குப் போயிற்று. காலிலிருந்த சப்பாத்தைக் கழற்றிவிட்டு அவள் தண்ணீரை நோக்கி நடந்தாள். அவசரமில்லாமல், யாரையும் திரும்பிப் பார்க்காமல்.

வெளியே மரக்கறி வான் வந்து ஹார்ன் அடித்தது. நிர்மலன் கவுண்டரை விட்டு நகரவில்லை. அலை அவளுடைய கணுக்காலைத் தொட்டுவிட்டுத் திரும்பியது. அவள் இன்னும் ஓரடி முன்னால் போய் நின்றாள்.